பூஜ்ஜியத்துக்குக் கீழே

இது நடந்தது பட்டப்பகலில்.

முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பேய் என்றதும் நடுச்சாமம், நாய் ஊளை, மின்தடை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். செவ்வாய், புதன், வியாழன்... மூன்று மதியங்கள். மூன்று நாளும் அந்த அறையின் ஜன்னல் திறந்தே இருந்தது. மூன்று நாளும் வெயில் கண்ணைக் கூசவைத்தது. சம்பந்தப்பட்டவள் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு நிமிடம்கூட முன்பின் மாறியதில்லை. எது எத்தனை மணிக்கு நடந்தது என்று அவளுடைய நோட்டில் எழுதியிருக்கிறது. அந்த நோட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கும் நம்பாமல் இருக்கத்தான் ஆசை.

கம்பெனியில் அவளுக்குக் 'கலர் அக்கா' என்று பெயர்.

விஆர் கேம் செய்யும் சின்னக் கம்பெனி அது. முதலாளியையும் சேர்த்துப் பதினோரு பேர். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் கண்ணுக்கு முன்னால் வேறொரு உலகம் விரியுமே, அந்த வகை விளையாட்டு. அந்த உலகத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வது அக்காவின் வேலை. நாற்பது வயது. தன் வீட்டுச் சுவருக்கு எந்த வெள்ளை அடிப்பது என்று நான்கு மாதம் யோசித்தவள். "வெள்ளையில என்னம்மா எந்த வெள்ளை?" என்று வாய் தவறிக் கேட்ட புருஷன் அன்று காலைச் சாப்பாடு சாப்பிடாமலே கடைக்குப் போனாராம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எட்டு வயதில் ஒரு மகள்.

இப்படிப்பட்டவளுக்குப் போன வருடம் ஒரு பெரிய அடி விழுந்தது. அவள் நிறம் பார்த்த ஒரு கேமில் இருட்டு சரியாக அமையவில்லை. 'இது இருட்டா, சாம்பல் கரைத்த தண்ணீரா?' என்று ஒருத்தன் இணையத்தில் எழுத, அதையே ஆயிரம் பேர் திருப்பி எழுதிச் சிரித்தார்கள். அக்கா ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உண்மையில் குற்றம் அவளுடையது இல்லை. அந்த ஹெட்செட்டின் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கறுப்பைக் காட்டும்போதும் எரியும். அதனால் கறுப்பு, சரியாகக் கழுவாத சிலேட்டு மாதிரிதான் தெரியும். எந்தக் கொம்பனாலும் அந்தத் திரையில் முழுக் கறுப்பைக் கொண்டுவர முடியாது. கண்ணை ஏமாற்றத்தான் முடியும். நிழலில் துளி நீலம் கலக்கலாம். ஓரத்தில் ஒரு சின்ன விளக்கைப் பளிச்சென்று எரியவிட்டு, சுற்றியுள்ள சாம்பலைக் கறுப்பாகத் தோன்ற வைக்கலாம். 'பிளாக் லெவல்' என்று ஓர் எண் இருக்கிறது. அதைக் குறைக்கக் குறைக்க இருட்டு கூடும். பூஜ்ஜியம் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே எண் கிடையாது.

புதிய கேம் முழுக்க முழுக்க இருட்டில் நடப்பது. இடிக்கப் போகிற ஒரு பழைய மாடி வீட்டை மூலைமுடுக்கெல்லாம் படமெடுத்து ஸ்கேன் செய்து, அப்படியே கேமுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். கூடம், சமையலறை, மரப்படிக்கட்டு, மாடியில் இரண்டு அறைகள். ஆடுகிறவன் ஒரு சின்ன விளக்கோடு உள்ளே அலைந்து வெளியே வர வழி தேட வேண்டும்.

முதலாளி ஒரே வரியில் முடித்துவிட்டார். "இந்தத் தடவ இருட்டு இருட்டா இருக்கணும். வெள்ளிக்கிழமை வெளியாகுது."

செவ்வாய்க்கிழமை. மதியம் 2:10.

மூன்றாவது மாடியில் பத்துக்குப் பத்து அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கம்ப்யூட்டர், நடுவில் நின்று பார்க்க ஒரு ரப்பர் விரிப்பு. புரோகிராம் எழுதும் பையனும் உள்ளே இருந்தான். இருபத்தேழு வயதுக்கு அவன் வளர்த்திருந்த தாடி அதிகம்; அதனால் எல்லோருக்கும் அவன் 'தாடி'. அக்கா ஹெட்செட்டை மாட்டி, பின்னந்தலையில் இருக்கும் திருகைத் திருகி இறுக்கிக்கொண்டாள்.

பிளாக் லெவல் 12.

கூடம் தெரிந்தது. சாம்பல் இருட்டு. எதிர்பார்த்ததுதான். மெல்லத் தலையைத் திருப்பினாள். சுவர், கதவு, படிக்கட்டு... படிக்கட்டுக்கு அடியில் ஒரு குழிவு. பழைய வீடுகளில் துடைப்பம், வாளி வைப்பார்களே, அந்த மாதிரி இடம்.

அந்தக் குழிவில் ஒரு இடம் மட்டும் கறுப்பாக இருந்தது.

சாம்பல் இல்லை. கறுப்பு. அந்தத் திரையில் வரவே முடியாத கறுப்பு. திரையில் அங்கே மட்டும் ஓட்டை போட்ட மாதிரி.

திரையில் கோளாறு என்றுதான் நினைத்தாள். கோளாறு என்றால் தலையைத் திருப்பும்போது கறை கண்ணோடு கூடவே வர வேண்டும். திருப்பிப் பார்த்தாள். கூட வரவில்லை. அது படிக்கட்டுக்கு அடியிலேயே இருந்தது.

"தாடி, படிக்கட்டுக்குக் கீழ என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கலக்கா. வெறும் இடம்."

அவனையும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்தான்.

"ஒண்ணும் இல்லையே... ஆனா செம கறுப்பா இருக்குக்கா! எப்படிப் பண்ணீங்க?"

அவள் எதுவும் பண்ணவில்லை.

2:40க்கு எதிர்ப்பக்கமாகச் சோதித்துப் பார்த்தாள். பிரைட்னஸை முழுக்க ஏற்றினாள். வீடு மொத்தமும் வெளுத்தது. மரத்தின் ரேகை, தூசி, சுவரில் ஆணி அடித்த துளை எல்லாம் தெரிந்தன. குழிவில் இருந்த கறுப்பு மட்டும் வெளுக்கவில்லை. இப்போது அதற்கு ஓரம் தெரிந்தது. மேலே ஒரு உருண்டை. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சரிவு.

தலை. தோள்.

குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றினாள். வெளியே வெயில். கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துத் திறக்கும் சத்தம். எல்லாம் வழக்கம்போல இருந்தது. நோட்டில் நேரத்தைப் போட்டு, 'படிக்கட்டு நிழலைச் சரிபார்க்கவும்' என்று மட்டும் எழுதினாள். உருவம் என்று எழுதக் கை வரவில்லை.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று மறுபடி மாட்டினாள். கையிலிருந்த ரிமோட்டால் 12ஐ 11 ஆக்கினாள். வீடு ஒரு படி இருண்டது.

கறுப்பு குழிவில் இல்லை. குழிவுக்கு வெளியே, முதல் படியின் பக்கத்தில் இருந்தது.

10 ஆக்கினாள். ஒரு அடி முன்னால் வந்திருந்தது.

9. இன்னொரு அடி.

நகர்ந்ததை அவள் பார்க்கவில்லை. எண் மாறுகிற கணத்தில் கண் சிமிட்டுவோம் இல்லையா... சிமிட்டித் திறந்தால் அது பக்கத்தில் இருந்தது.

9இல் நிறுத்தினாள். மணி 3:05. அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை. மதியம் 2:05.

பூட்டைத் திறந்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஹெட்செட்டை மாட்டினாள். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. தலை சுற்றியது.

ஹெட்செட்டின் இரண்டு லென்ஸும் போடுகிறவர் கண்களுக்கு ஏற்ப விலகும், நெருங்கும். உள்ளே ஒரு சின்ன மோட்டார் அதைச் செய்யும். அக்காவின் கண்களுக்கு இடையே 62 மில்லிமீட்டர். கண்ணாடிக்காரர் பெண்டாட்டிக்கு இது மனப்பாடம். ஆனால் ஹெட்செட் காட்டியது 54.

யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள். யார்? சாவி அவள் பையில்தான் இருந்தது.

62க்கு மாற்றினாள். அரை நிமிடம் ஆகியிருக்காது.

ஸ்ர்ர்ர்ர்...

லென்ஸ்கள் தானாக நெருங்கின. 54.

மறுபடி 62.

ஸ்ர்ர்ர்ர்...

இந்தத் தடவை கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நின்ற இடத்திலிருந்து கேட்டாள். யார் தலையிலும் இல்லாத ஹெட்செட், மேசைமேல் கிடந்தபடி, யாருடைய கண்ணுக்கோ அளவு பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் புருஷனின் கடைக்குப் போய் அளவெடுக்கச் சொன்னாள். அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

"62தான். உன் கண்ணு எங்கயும் ஓடிப் போயிடல."

"54னா யாருக்குங்க இருக்கும்?"

"சின்னக் குழந்தைக்கு இருக்கும். இல்ல, ரொம்ப ஒடுங்கின முகமா இருக்கணும்." அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

அவர் விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நாளைக்குப் போகாத."

"பேய் இருக்கோ இல்லையோ, வெள்ளிக்கிழமை இருக்கு" என்றாள் அக்கா.

அன்றிரவே வீட்டை ஸ்கேன் எடுத்தவருக்கு போன் போட்டாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். நிறைய வீடுகளுக்குள் தனியாக நின்று படமெடுத்தவர். லேசில் பயப்படுகிறவர் இல்லை.

"சார், அந்த மாடி வீடு... எடுக்கும்போது உள்ள யாராவது இருந்தாங்களா?"

"காலி வீடும்மா. நான் மட்டும்தான்."

"இல்ல, ஒரு இடத்துல..."

"படிக்கட்டுக்குக் கீழயா?"

அவள் இன்னும் அதைச் சொல்லவில்லை.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு சொன்னார். "அந்த இடத்த நான் எடுக்கவே இல்லம்மா. லைட்ட உள்ள நீட்டினா அணைஞ்சுடும். வெளிய எடுத்தா எரியும். மூணு தடவ பாத்தேன். அப்புறம் பக்கத்துச் சுவரோட படத்த நகல் எடுத்து அங்க ஒட்டிட்டு வந்துட்டேன். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

அப்படியென்றால் கேமுக்குள் இருப்பது அந்த இடமே இல்லை. பக்கத்துச் சுவரின் நகல். ஸ்கேனில் எதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வழியில்லை.

வியாழக்கிழமை. மதியம் 2:30.

தாடி கீழே முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தான். அறையில் அக்கா மட்டும். கதவை உள்ளே தாழ் போட்டாள். யாராவது பாதியில் வந்து தோளைத் தொட்டால் உயிர் போய்விடும் என்று பயம். ஜன்னல் திறந்திருந்தது. அதில் கம்பி இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். கை மட்டும்தான் நுழையும்.

ஏன் போனாள் என்று நானும் கேட்டேன். "அந்தக் கறுப்ப இன்னொரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள். பதினைந்து வருடமாக ஒருத்தி தேடிக்கொண்டிருந்த கறுப்பு அது. அவள் அதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது கொஞ்சம் புரிகிறது.

கேமின் சத்தத்தை முழுக்க அணைத்தாள். ஹெட்செட்டை மாட்டினாள். லென்ஸை 62க்கு மாற்றினாள்; அங்கேயே நின்றது. அசையவில்லை.

8. கூடத்தின் நடுவில் இருந்தது. குத்தவைத்தபடி.

7. அதே இடம். ஆனால் எழுந்து நின்றிருந்தது. உயரம் அதிகமில்லை. அவள் நெஞ்சளவு.

6.

5. ஒரு அடி. இன்னொரு அடி.

4... வீடு இப்போது நல்ல இருட்டு. அதற்குள் அது அதைவிட இருட்டாக நின்றது. கை தெரிந்தது. இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போயிருந்தன. எதையோ அவிழ்க்கப் பார்க்கிற மாதிரி.

3.

கை நீட்டினால் தொடும் தூரம்.

நிறுத்தியிருக்கலாம். அவளே சொல்கிறாள், நிறுத்தியிருக்கலாம்.

2.

முகத்துக்கு நேர் எதிரே.

1.

எதுவும் தெரியவில்லை. வீடு இல்லை, படிக்கட்டு இல்லை. பார்வை முழுக்க அந்தக் கறுப்பு.

0.

வீடு திரும்பி வந்தது. கூடம், கதவு, படிக்கட்டு. நல்ல, ஆழமான, அழகான இருட்டு. அவள் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த இருட்டு.

அந்த உருவத்தை மட்டும் காணோம்.

இடது பக்கம் பார்த்தாள். இல்லை.

வலது பக்கம். இல்லை.

குழிவு காலி.

திரும்பிப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

அப்போது பின்னந்தலையில்...

டிக்.

திருகு.

ஹெட்செட்டை இறுக்கும் திருகு.

டிக்... டிக்...

அவள் இரண்டு கையும் முன்னால் இருந்தன.

டிக்.

நெற்றி எலும்பு வலித்தது.

டிக். டிக்.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

டிக்.

பிய்த்து எடுத்தாள். முடியோடு வந்தது. தூக்கி வீசினாள். வெயில்... ஜன்னல்... கதவு தாழ் போட்டபடி. அறையில் யாருமில்லை. சுவர்க் கடிகாரத்தில் 3:17.

ஹெட்செட் விழுந்த சத்தம் கேட்டுத் தாடி ஓடி வந்து கதவைத் தட்டினான். தாழைத் திறக்க அவளுக்கு இரண்டு நிமிடம் ஆனது. அவள் நெற்றியில், கன்னத்தில், காதுக்கு மேலே, சுற்றிலும் சிவப்பாகப் பட்டையான தடம். சில இடங்களில் தோல் கிழிந்திருந்தது. தாடி ஹெட்செட்டை எடுத்துப் பார்த்தான். திருகு கடைசிவரை போயிருந்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு பெரிய ஆளின் தலை நுழையவே நுழையாது.

"யாருக்கா இவ்ளோ இறுக்கினது?"

அவள் நேராகப் போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். பூஜ்ஜியத்தை அழித்தாள். 12 என்று அடித்தாள். அதற்குக் கீழே யாரும் குறைக்க முடியாதபடி பூட்டினாள். அப்படியே முதலாளிக்கு அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை கேம் வெளியானது. சாம்பல் இருட்டோடு. அதே சிரிப்பு, அதே கேலி. முதலாளி போனில் கத்தினார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இனி வரல சார்" என்று வைத்துவிட்டாள். தாடி மட்டும் இன்னும் அவளோடு பேசுகிறான்.

இப்போது புருஷனின் கடையில் இருக்கிறாள். வருகிறவர்கள் முகத்துக்கு எந்த நிறச் சட்டம் பொருந்தும் என்று ஒரே பார்வையில் சொல்கிறாள். கூட்டம் கூடியிருக்கிறது. தூங்கும்போது வீட்டில் மூன்று விளக்குகள் எரிகின்றன. ஒருநாள் மகள் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு தோழிகளோடு விளையாடியபோது, அக்கா ஓடிப்போய் அந்தத் துண்டைப் பிடுங்கி எறிந்து அழுதாளாம்.

இவ்வளவுதான் நடந்தது என்று நானும் நினைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒருநாள், காலை 11:20க்கு, ஸ்கேன் எடுத்த அந்த மனிதர் கடைக்கு வந்தார். கண்ணாடி மாற்ற நானும் அங்கே போயிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அந்த வீட்ட திங்கட்கிழமை இடிச்சாங்கம்மா. போயிருந்தேன்."

அக்கா கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைத்தாள். அவரே சொன்னார்.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த குழிவின் பின்சுவரை உடைத்தபோது உள்ளே ஒரு அறை இருந்ததாம். அறை என்று சொல்ல முடியாது. பெரிய ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. கதவு இல்லை. காற்று போக ஒரு துளை இல்லை. நான்கு பக்கமும், தரையும், மேலேயும் தார் பூசியிருந்தது.

"உள்ள... யாராவது?" என்று அக்காவின் புருஷன்தான் கேட்டார்.

"ஒரு எலும்பு இல்ல, ஒரு முடி இல்ல. போலீஸ் வந்து மண்ணத் தோண்டிக்கூடப் பாத்துட்டாங்க."

பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அக்கா பார்க்க மறுத்துவிட்டாள். நான் பார்த்தேன்.

தார்த் தரையின் நடுவில் ஒரு பழைய தோல்பட்டை. கண்ணை மறைத்துக் கட்டுவதற்காகத் தைத்தது. சின்ன முகத்துக்கு அளவாக, இரண்டு கண்ணுக்கும் இரண்டு தடித்த மூடிகள். பின்பக்கம் வார், அதில் இரும்புக் கொக்கி. கடைசித் துளைவரை இழுத்து, கொக்கியை மாட்டி, அவிழ்க்க முடியாதபடி அதன்மேல் கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள்.

அறுபடவில்லை. கொக்கி திறக்கவில்லை. கம்பியில் முறுக்கு அவிழவில்லை.

கட்டியது கட்டியபடியே, வட்டமாகக் கிடந்தது.

உள்ளேதான் தலை இல்லை.